ஓர் அங்குலச் சிப்பாய்க்குப் பெயின்ட் அடிப்பது எப்படி

மினியேச்சர் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கலாமா என்று யோசிக்கிற எல்லோரும் முதலில் கேட்பது, கை நடுங்குமே, இவ்வளவு சின்னதாகக் கண்ணுக்குத் தெரியுமா என்பதுதான். அது பெரிய விஷயமே இல்லை. இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால் நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும், கண்ணுக்குத் தலையில் மாட்டிக்கொள்ளும் லென்ஸ் கிடைக்கிறது. உண்மையான சிக்கல் வேறு. ஆறடி மனிதன் வெயிலில் நின்றால் அவன் மூக்குக்குக் கீழே, தாடைக்குக் கீழே, சட்டை மடிப்புக்குள் எல்லாம் நிழல் தானாக விழும். அவனையே 28 மில்லிமீட்டருக்குச் சுருக்கினால் அந்த மடிப்பின் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அங்கே கண்ணில் படுகிற அளவுக்கு நிழல் விழ வழியே இல்லை. அதனால்தான் சிவப்புக் கோட்டுக்கு ஒரு பிசிறு இல்லாமல் சிவப்பு அடித்து வைத்தாலும் அது பொம்மையாகவே நிற்கிறது. நிழலையும் வெளிச்சத்தையும் நாம்தான் பெயின்ட்டில் போட்டாக வேண்டும். பிரைமர் (முதலில் போடும் அடிப்பூச்சு), வாஷ் (பள்ளத்தில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட்), ஹைலைட் (வெளிச்சம் காட்ட மேட்டில் போடும் வெளிர் நிறம்) என்று கீழே வருகிறதெல்லாம் இந்த ஒரே வேலைக்காகத்தான்.

இந்தப் பொழுதுபோக்கில் எங்கே தேடினாலும் வார்ஹேமர் பொம்மைகளை வைத்துத்தான் சொல்லித்தருவார்கள். 1983இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் அந்த விளையாட்டை வெளியிட்டது, இன்றைக்கு அவர்களுடைய சிட்டடெல் பெயின்ட் பெயர்களைச் சொன்னால் உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் ஹாபிக்காரருக்கும் புரியும். நான் இங்கே உதாரணத்துக்கு வேறொரு ஆளை எடுத்துக்கொள்கிறேன்: கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிப்பாய். சிவப்புக் கோட்டு, மார்பில் குறுக்கே வெள்ளை வார்கள், தலைப்பாகை, கையில் துப்பாக்கி, நம்ம ஊர் முகம். பெயின்ட்டில் தொல்லை கொடுக்கும் சிவப்பு, வெள்ளை, தோல் மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதால் இவனை முடித்தவருக்கு மற்றதெல்லாம் எளிது.

28 மில்லிமீட்டர் என்பது வழக்கமாகக் காலடியில் இருந்து கண் மட்டம் வரைக்குமான உயரம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இது கொஞ்சம் கூடும் குறையும், அதனால் இரண்டு இடத்துப் பொம்மைகளை ஒரே வரிசையில் நிறுத்தும் எண்ணம் இருந்தால் ஒவ்வொன்று வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள். 1/72 அளவில், அதாவது நிஜ ஆளில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக, பெட்டியோடு வரும் சிப்பாய்கள் மலிவு, ஆனால் அவை பெரும்பாலும் வளைகிற பிளாஸ்டிக், துப்பாக்கி முனை வளைந்தாலே பெயின்ட் உரியும். முதல் பொம்மைக்கு வேண்டாம்.

என்ன வாங்குவது

புதிதாக வருகிறவர்கள் தேடிப்போய் வாங்குவது 000 நம்பர் பிரஷ். சின்னப் பொம்மைக்குச் சின்ன பிரஷ் என்ற கணக்கு. அந்தப் பிரஷ்ஷில் பெயின்ட் நிற்கவே நிற்காது, ஃபேன் ஓடுகிற அறையில் பெயின்ட் கலக்கும் தட்டான பேலட்டில் இருந்து பொம்மைக்குப் போவதற்குள் முனையிலேயே காய்ந்துவிடும். நம்பர் 1 அல்லது 2 ரவுண்டு பிரஷ் வாங்குங்கள், தண்ணீரில் நனைத்தால் ஊசி முனையாகக் கூடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பிரஷ்ஷின் வயிற்றில் பெயின்ட் நிற்கும், முனை கோடு போடும். கண்ணைக்கூட அதிலேயே போடலாம். இந்த வட்டாரத்தில் பெரிய பெயர் வின்சர் அண்ட் நியூட்டனின் சீரிஸ் 7, விக்டோரியா மகாராணி தன் நீர்வண்ண ஓவியத்துக்காக 1866இல் செய்யச் சொன்ன பிரஷ், கொலின்ஸ்கி என்ற சைபீரிய விலங்கின் வால் முடியில் செய்வது. அருமையான பிரஷ்தான், ஆனால் பிரஷ்ஷைக் கழுவும் பழக்கம் வருவதற்கு முன்னால் அதை வாங்குவது காசைக் கரைப்பது. முதலில் சிந்தெடிக் போதும். அதன் முனை கொஞ்ச நாளில் கொக்கியாக வளையும், வளைந்ததைத் தூக்கிப் போடாமல் பெயின்ட் கலக்க வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிரஷ்ஷாக இருந்தாலும் உலோகப் பட்டைக்குள் பெயின்ட் ஏறவிடாதீர்கள், தண்ணீர்க் கப்பில் தலைகீழாக நிற்க வைக்காதீர்கள்.

பெயின்ட் அக்ரிலிக்தான், வலேஹோ, சிட்டடெல், ஆர்மி பெயின்டர் எதுவும் சரி. சொட்டுச் சொட்டாக விழும் பாட்டிலில் வருவதை நான் விரும்புவேன், கலக்கும்போது துளிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம், மூடி சரியாக மூடாமல் காய்ந்துபோகிற தொல்லையும் குறைவு. இந்தச் சிப்பாய்க்குக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, ஆரஞ்சு, அடர்நீலம், எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் அம்பர் (அடர்பழுப்பு), சில்வர், அப்புறம் ஒரு பழுப்பு வாஷ் இருந்தால் போதும், பெரிய செட் தேவையில்லை. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கிராஃப்ட் அக்ரிலிக்கில் நிறமித்தூள் கொஞ்சம் பெரிது, தண்ணீர் சேர்த்தால் திட்டுத் திட்டாகும், சேர்க்காவிட்டால் முக அம்சங்களை அடைத்துவிடும். அதைத் தரை, பாறை, மரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத ஒன்று வெட் பேலட். தட்டையான பிளாஸ்டிக் டப்பா, அடியில் நனைத்த ஸ்பாஞ்ச் அல்லது நாலைந்தாக மடித்த டிஷ்யூ, அதன்மேல் பேக்கிங் பேப்பர். தண்ணீர் பேப்பர் வழியாக மெல்ல ஊறி மேலே வருவதால் பெயின்ட் மணிக்கணக்கில் காயாது, நம்ம ஊர் வெயிலுக்கும் ஃபேனுக்கும் இது இல்லாமல் வேலை செய்வது வீண் பிடிவாதம். மெழுகு பூசிய பேப்பரில் தண்ணீர் ஊறாது, வாங்கும்போது கவனியுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் அதே பெயின்ட்டைத் தொடரலாம், ஆனால் நம்ம சூட்டில் ஸ்பாஞ்ச் சீக்கிரம் நாற ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜில் வையுங்கள், வீட்டில் திட்டுவார்கள் என்றால் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

அடிப்பதற்கு முன்னால்

பொம்மையை அச்சில் வார்க்கும்போது இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும், மோல்ட் லைன் என்பார்கள். பெயின்ட் அதை மறைக்கும் என்று நினைக்காதீர்கள், வாஷ் போட்டதும் கன்னத்தின் குறுக்கே தழும்பாக எழுந்து நிற்கும். கத்தியின் வெட்டாத முதுகுப் பக்கத்தால் சுரண்டி எடுங்கள். ரெசின் என்ற பிசினில் வார்த்த பொம்மையைத் தேய்த்தால் வரும் தூளைச் சுவாசிக்கக் கூடாது, தண்ணீர் தொட்டுத் தேய்த்து மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். தாத்தா காலத்து ஈயச் சிப்பாய் கிடைத்தால் அதைத் தேய்க்கவே வேண்டாம். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பால் ஒரு குளியல், அச்சில் தடவிய எண்ணெய்ப் பசை போகட்டும். ஒட்டுவதற்கு, கடினமான பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக் சிமென்ட், உலோகத்துக்கும் ரெசினுக்கும் சூப்பர் க்ளூ. காய்ந்ததும் ஒரு மருந்து பாட்டில் மூடியின்மேல் ப்ளூ டாக் (ஒட்டி எடுக்கக்கூடிய களிமண் மாதிரியான பசை) வைத்துப் பொம்மையை நிறுத்துங்கள். இனிமேல் பாட்டிலைத்தான் பிடிக்க வேண்டும், பொம்மையை விரல் தொடக் கூடாது.

பிரைமர்தான் நம்ம ஊரில் அதிகம் சொதப்பும் இடம். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது ஸ்ப்ரே அடித்தால் பொரபொரப்பாகவோ வெளுத்தோ போகும். ஐப்பசி கார்த்திகை மழையில் கேனைத் தொடாதீர்கள், மற்ற மாதங்களில் அதிகாலையைவிட நடுப்பகல் நல்லது, கடலோர ஊர் என்றால் கடற்காற்று ஏறுவதற்கு முன்னால். ஆனால் மே மாத வெயிலில் எதிர்ப்பக்கத் தொல்லை, பெயின்ட் காற்றிலேயே காய்ந்து தூளாகப் போய் ஒட்டும். கேனில் 30 சென்டிமீட்டர் தூரம் என்று போட்டிருந்தாலும் அந்த வெயிலில் 20க்கு வாருங்கள், நிழலில் நின்று அடியுங்கள், பொம்மைக்கு வெளியே அழுத்தத் தொடங்கி அதைக் கடந்து போய் விடுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தி அடித்தால் விவரமெல்லாம் மூழ்கிவிடும். ஹார்டுவேர் கடை ஸ்ப்ரேயை வைத்துச் சமாளிக்க நினைத்தால் பொம்மை வந்த பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டில் அடித்துப் பாருங்கள், சிலவற்றின் கரைப்பான் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும். ஸ்ப்ரே கேன் விமானத்தில் வராது என்பதால் வெளிநாட்டில் இருந்து வரவழைப்பதும் தலைவலி. இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்குப் பிரஷ்ஷால் தடவும் பிரைமர் இருக்கிறது, மெல்லிசாக இரண்டு தடவை, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். நான் சொல்வது இதைத்தான்.

இங்கேயே வெளிச்சத்தைத் தொடங்கிவிடலாம். முதலில் முழுக்கக் கறுப்புப் பிரைமர். காய்ந்ததும் தலைக்கு மேலே சாய்வாகப் பிடித்து வெள்ளை ஸ்ப்ரேயை லேசாக அடித்தால், சூரியன் எங்கே படுமோ அங்கே வெள்ளை, படாத இடம் கறுப்பு. ஸ்ப்ரே இல்லாதவர்கள் டிரை பிரஷ் பண்ணலாம்: பழைய அகலமான பிரஷ்ஷில் சாம்பல் நிறம் தொட்டு, டிஷ்யூவில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழாகச் சும்மா உரசிப் போகணும். மேட்டில் மட்டும் ஒட்டும். அடுத்து வெள்ளையை இன்னும் குறைவாக, தலை தோள் பக்கம் மட்டும். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று இப்போது உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

இதன்மேல் 2019இல் சிட்டடெல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் மாதிரியான பெயின்ட்டை ஒரே தடவை அடித்தால் பள்ளத்தில் கெட்டியாகவும் மேட்டில் மெல்லிசாகவும் தானே நின்றுகொள்ளும், நாற்பது சிப்பாய்களை வேகமாக முடிக்க அது நல்ல வழி. ஆனால் முதல் பொம்மையைச் சாதாரணப் பெயின்ட்டில் செய்யுங்கள், இல்லையென்றால் அந்தப் பெயின்ட் என்ன செய்கிறது என்றே புரியாது.

நிறம் ஏற்றுவது

பெயின்ட்டைத் தண்ணீர் சேர்த்துப் பாலுக்கும் மோருக்கும் நடுவான பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்தால் ரேகை போல வழிந்து ஓடவும் கூடாது, பிரஷ் முடித்தடம் நிற்கவும் கூடாது. முதல் பூச்சில் அடியில் இருப்பது தெரியும், பயந்து மறுபடி மறுபடி அதிலேயே தேய்க்காமல் காயவிட்டு இரண்டாவது பூச்சு போடுங்கள். பாதி காய்ந்த பெயின்ட்டின்மேல் பிரஷ் வைத்தால் கீழே இருப்பதையும் கிளப்பிக்கொண்டு வரும். உள்ளே இருப்பதில் தொடங்கி வெளியே வாருங்கள்: தோல், கோட்டு, அதன்மேல் ஓடும் வார்கள், கடைசியில் துப்பாக்கி.

தோலைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கிடைக்கிற வழிகாட்டிகளில் பெரும்பகுதி வெளிறிய ஐரோப்பியத் தோலுக்கு எழுதியது, பழுப்புத் தோல் என்று வந்தால் ‘அதே முறைதான், அடர்ந்த நிறத்தில்’ என்று முடித்துவிடுவார்கள். அதே முறை இல்லை. வெளிறிய தோலுக்கு ஹைலைட் போட வெள்ளை கலப்பார்கள், அந்த வெள்ளையை நம்ம தோல் நிறத்தில் கலந்தால் சாம்பல் பூசிய முகம் வரும். பர்ன்ட் அம்பர் இரண்டு துளி, எல்லோ ஓக்கர் ஒரு துளி, சிவப்பு பிரஷ் முனையில் தொட்ட அளவு, இதுதான் அடிநிறம். இரண்டு பூச்சு. அதன்மேல் பழுப்பு வாஷ், அதில் அடர்நீலம் மிகக் கொஞ்சம் தொட்டுக்கொண்டால் நிழல் ஆழமாகும், கண்குழி, மூக்கின் ஓரம், தாடைக்கு அடியில் அது போய்த் தேங்கும். காய்ந்த பிறகு பழைய அடிநிறத்தையே எடுத்து, பள்ளங்களை விட்டுவிட்டு நெற்றி, கன்ன மேடு, மூக்கு, தாடை, விரல் கணுக்களில் மீண்டும் போடுங்கள். அடுத்து அதே கலவையில் எல்லோ ஓக்கரும் ஒரு பொட்டு ஆரஞ்சும் சேர்த்து, இன்னும் சின்ன இடத்தில். கடைசி ஹைலைட்டுக்கு மட்டும் வெள்ளை, அதுவும் எல்லோ ஓக்கரோடு கலந்து, மூக்கு நுனியிலும் கன்ன மேட்டிலும் ஒரு தொடல். கீழுதட்டுக்குச் சிவப்பு கொஞ்சம் கூடின அடிநிறம்.

நல்ல கறுத்த தோல் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே வெளிச்சம் பரவலாகப் படர்ந்து தெரியாது, சின்னச் சின்ன இடத்தில் பளிச்சென்று நிற்கும். ஆகவே நடு நிறங்களைக் குறைத்து, அம்பரோடு கறுப்போ நீலமோ சேர்த்த அடிநிறத்தின்மேல் நேராக ஒரு குளிர்ந்த நீலச்சாம்பல் பொட்டை நெற்றியிலும் மூக்கிலும் வையுங்கள். வரிசையாக இருபது பேர் செய்யும்போது எல்லோருக்கும் ஒரே கலவையைப் பூசாமல் நாலு பேருக்கு ஒருமுறை ஒரு துளி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒரே வயிற்றில் பிறந்த இருபது பேர் அணிவகுத்து நின்றால் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

சிவப்புக்கு மறைக்கும் சக்தி குறைவு. கறுப்பின்மேல் நேராக அடித்தால் நாலு பூச்சுக்கு அப்புறமும் சோகமாக இருக்கும், அதனால் முதலில் சிவப்பில் பர்ன்ட் அம்பர் கலந்த செம்பழுப்பு, அதன்மேல் சுத்தச் சிவப்பு, பள்ளத்தில் செம்பழுப்பை அப்படியே விட்டுவிடுங்கள். ஹைலைட்டுக்கு ஆரஞ்சு கலக்க வேண்டும், வெள்ளை கலந்தால் கம்பெனிப் படை ரோஸ் கோட்டில் அணிவகுக்கும். வெள்ளை வார்களுக்கு நேர்மாறு: சாம்பலில் தொடங்குங்கள், அதன்மேல் ஓக்கர் தொட்ட மங்கல் வெள்ளை, சுத்த வெள்ளை கடைசியில் மேல் ஓரத்தில் மட்டும். முதலிலேயே சுத்த வெள்ளை அடித்துவிட்டால் வெளிச்சம் காட்ட அதற்கு மேலே போக இடமிருக்காது. காலர், கைப்பட்டை நிறம் படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு மாறும், எந்தப் பிரிவைச் செய்கிறோம் என்று முதலிலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

தலைப்பாகைக்கு நான் அடர்நீலம் போடுவேன், மடிப்புக்கு மடிப்பு நீலத்தில் கொஞ்சம் சாம்பல் சேர்த்த கோடு. 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைச் சிப்பாய்க் கிளர்ச்சியை மனதில் வைத்துச் செய்கிறவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். சீருடையில் இருக்கும்போது நெற்றிக்குறி, கடுக்கன் கூடாது என்ற உத்தரவும் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையும்தான் அந்தக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணம், அதனால் கோபத்தில் எழுந்த சிப்பாய்க்குப் பழைய தலைப்பாகையும், நெற்றியில் மங்கல் வெள்ளையில் ஒரு கீற்றும், காதில் ஓக்கரும் சில்வரும் கலந்த ஒரு புள்ளியும் வைத்தால் கதை தானாக வந்துவிடும்.

துப்பாக்கிக் கட்டை பர்ன்ட் அம்பர், மேல் விளிம்பில் ஓக்கர் கலந்த கோடு. இரும்புப் பாகங்களுக்குச் சில்வர், அதன்மேல் வாஷ், மறுபடி முனையில் மட்டும் சில்வர். உலோகப் பெயின்ட் தொட்ட பிரஷ்ஷைக் கழுவத் தனிக் கப் வைத்துக்கொள்ளுங்கள், அந்த மினுக்குத் துகள் ஒட்டிக்கொண்டால் அடுத்த முகம் ஜிகினா முகம்.

வாஷைப் பற்றி ஒரு வார்த்தை. ஊற்றிவிட்டு எழுந்து போகாதீர்கள். தட்டையான இடத்தில் குளமாக நின்று காய்ந்தால் ஓரம் கறையாகப் பிடிக்கும், ஈரமான சுத்தப் பிரஷ்ஷால் அந்தக் குளத்தை உறிஞ்சி எடுங்கள். மழைக்காலத்தில் காய நேரமாகும், ஹேர் டிரையரைச் சூடில்லாத காற்றில் தூரமாக வைத்துக் காட்டலாம்.

கண்ணைப் போடலாமா? ஐம்பது பேர் வரிசையில் நிற்கிற சிப்பாய்க்குத் தேவையே இல்லை, கண்குழியில் இருக்கும் நிழல் போதும், சரியாக வராத கண் முழித்துப் பயமுறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். தனியாக நிற்கும் தளபதிக்கு வேண்டுமென்றால், தோல் வேலைக்கு முன்னாலேயே போடுங்கள்: அடர்பழுப்பில் குழி, மங்கல் வெள்ளையில் படுக்கைக் கோடு, நடுவே அடர்பழுப்பில் நிமிர்ந்த ஒரு கோடு. வெளியே வழிந்ததைத் தோல் நிறத்தால் இமை போட்டு மூடிவிடலாம்.

நடுநடுவே பொம்மையைக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், ஏனென்றால் எல்லோரும் அந்தத் தூரத்தில்தான் பார்க்கப்போகிறார்கள். போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் இன்னும் நல்லது. முகம், கோட்டு, வார் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிழல் போதவில்லை, வெளிச்சமும் போதவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ‘ஐயோ, அதிகமாகிவிட்டதே’ என்று தோன்றுகிற ஹைலைட்தான் கை தூரத்தில் சரியாக இருக்கும்.

தரையும் வார்னிஷும்

காலடிக்கு ஃபெவிகால் தடவிச் சலித்த ஆற்று மணலைத் தூவுங்கள். கடற்கரை மணல் என்றால் உப்புப் போக நன்றாகக் கழுவிக் காயவைத்துப் போட வேண்டும். செம்மண் நிறத்துக்கு அம்பரும் ஆரஞ்சும் கலந்து அடித்து, ஓக்கரால் டிரை பிரஷ் பண்ணி, இரண்டு இடத்தில் மட்டும் காய்ந்த புல் கொத்து ஒட்டினால் போதும். கண்டிப்பாகப் பச்சைப் புல்வெளி வேண்டாம், அது நார்மண்டியில் நிற்கும் சிப்பாய்க்கு. அதே ஓக்கரைக் காலிலும் கோட்டின் அடி விளிம்பிலும் லேசாக உரசிவிட்டால் ஆள் அந்தத் தரையில் நடந்து வந்தவனாக இருப்பான்.

விளையாடக் கையில் எடுக்கும் பொம்மைக்கு வார்னிஷ் அவசியம், அலமாரிக் கண்ணாடிக்குள் நிற்பதற்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பளபளக்காத மேட் வார்னிஷ் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், பளபளப்பைக் குறைக்கும் பொருள் அடியில் தங்கிவிடும், குலுக்காமல் தடவினால் ஒரு பக்கம் மினுங்கும், ஒரு பக்கம் வெளுக்கும். ஈர நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்து முழுக்கப் பனி படிந்ததாக வெளுத்துவிட்டால் பதறாதீர்கள், வறண்ட நாளாகப் பார்த்து மேலே ஒரு பூச்சு பளபளக்கும் க்ளாஸ் (gloss) வார்னிஷ் தடவினால் பல சமயம் தெளிந்துவிடும், அப்புறம் மறுபடி மேட்.

அப்படியும் சரியாகவில்லை, அல்லது பழைய பொம்மை ஒன்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் கழுவி எடுக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அக்ரிலிக் கழன்று வரும், அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ரெசின் பொம்மை என்றால் நீண்ட நேரம் ஊறவிடாதீர்கள், இடையிடையே எடுத்துப் பாருங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் இரண்டையும் பிளாஸ்டிக் பொம்மையின் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், பெயின்ட்டோடு மூக்கும் கரைந்துவிடும்.